சோற்றை விடத்தான் வேண்டுமா? இயற்கை உணவுக்கு மாறுவது குறித்து ஒரு கேள்வி

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறோம். வேன் ஓட்டுநரான என் தந்தைக்கு வயது 58. அண்மையில் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 விழுக்காடு என்று வந்தது. இது இனிப்பு நீர் (நீரிழிவு) அல்ல, ஆனால் அதற்கு முந்திய நிலை என்றும், மருந்து இப்போதைக்கு வேண்டாம், உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்துக்கொண்டு மீண்டும் வாருங்கள் என்றும் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

செய்தி தெரிந்ததும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அரிசியை அறவே நிறுத்திவிட்டுத் தினை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றுக்கு மாற வேண்டும், சீனிக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையும் தேனும் கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லமும் பயன்படுத்த வேண்டும், காலையில் வெறும் வயிற்றில் பச்சைக்கீரைச் சாறு குடிக்க வேண்டும் என்கிறார்கள். இவை அனைத்தையும் ஒரே பெட்டியில் போட்டு மாதந்தோறும் தரும் 'இயற்கை உணவுத் தொகுப்பு' ஒன்றை உறவினர் ஒருவரே விற்கிறார். அதன் விலை எங்கள் வீட்டு மாத மளிகைச் செலவில் ஏறக்குறைய பாதி. அப்பாவோ, சோறு இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இவற்றுள் எது உண்மையிலேயே தேவை? அரிசியை முற்றாக விட வேண்டுமா? என் தாத்தா பாட்டி இருவருக்குமே இந்நோய் இருந்ததால், அப்பாவுக்காக மட்டுமன்றி என் உணவுப் பழக்கத்தையும் இப்போதே சீர்செய்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற உணவியலர், பெட்டாலிங் ஜெயா:

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்த 6.1 என்ற எண்ணைப் பார்ப்போம். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை முன்நிலை, 6.3 ஆகிவிட்டால் நீரிழிவு. இணையத்தில் உலவும் காணொளிகள் பலவும் வெளிநாட்டு எல்லையான 6.5-ஐச் சொல்வதால், அவற்றைப் பார்த்துவிட்டு இன்னும் இடமிருக்கிறது என்று அப்பா எண்ணிவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஆகவே உங்கள் கவலையில் மிகையில்லை.

ஆனால் உறவினர்கள் தொடங்கச் சொல்லும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குடிக்கிறார் என்று எழுதவில்லை. வண்டி ஓட்டுபவர்கள் காலையில் பசியாறும்போது ஒன்று, சரக்கு இறக்கிவிட்டு ஒன்று, மாலையில் ஒட்டுக்கடையில் நண்பர்களோடு ஒன்று எனக் கெட்டிப்பால் தேநீரான தே தாரிக் குடிப்பது வழக்கம். இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கடைக்காரர் ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே சுமார் 20 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடும். பெரியவர் ஒருவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஒரே குவளை அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு 'தே ஓ கோசோங்' என்று சொல்லிப் பழகுவதற்கு எந்தத் தொகுப்பும் வாங்க வேண்டியதில்லை.

அந்த 25 கிராம் கணக்கில் தேனும் பழச்சாறும் அடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, கூலா மலாக்கா ஆகியவற்றின் மணமும் சுவையும் வேறு. சிறிதளவு தாது உப்புகளும் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். இயற்கையானது என்ற நம்பிக்கையில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்களைப் பணிக்காலத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிறுதானியம் நல்ல உணவுதான். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 11 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை, நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. ஆயினும் மாவுச்சத்து என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. கேழ்வரகை நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, கஞ்சியாக ஒரே மூச்சில் குடித்தால் இரத்தச் சர்க்கரை விரைவாகவே ஏறும். களியாகவோ, உளுந்து சேர்த்த அடையாகவோ, கீரையோடு மென்று உண்ணும்போது அந்த வேகம் குறைகிறது. எனவே தானியத்தின் பெயரை மாற்றுவதற்கு முன் தட்டில் அதன் அளவை மாற்றுங்கள். சுகாதார அமைச்சு சொல்லிவரும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், அரை) முறைப்படி தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு அல்லது தெம்பே (நொதித்த சோயாக் கட்டி), மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சோறும் கிடைக்கும். ஆனால் காய்கறிக்கு அரைத் தட்டை ஒதுக்குவது நம் வீடுகளில் நினைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் நாம் பொரியலைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே வைத்திருக்கிறோம்.

---

பழைய தோட்டத்துக்காரன்:

மேலே எழுதிய ஐயா அளவைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். எந்த அரிசி என்பதைப் பற்றி நான் சிறிது எழுதுகிறேன், ஏனெனில் இந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நம்மவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

நூற்றாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் உயிர்களைப் பறித்தது. கால்கள் மரத்து, வீங்கி, இறுதியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது வாட்டியது; அதே மண்ணில், அதே தட்பவெப்பத்தில் உழைத்த தமிழர்களிடையே அரிதாகவே காணப்பட்டது. இந்த வேறுபாட்டைக் கவனித்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர், காரணம் அரிசியில் இருக்கிறது என்று வாதிட்டார். சீனர்கள் உண்டது நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. பிறகு பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, பச்சரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அவர் 1907இல் அதை வெளியிட்டார். அப்படிப்பட்ட சோதனையை இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தபடி, நோயைத் தடுக்கும் பொருள் தவிட்டில் இருப்பதை நிறுவினார்கள். அதுதான் பின்னாளில் தயாமின் என்றும், பி1 என்றும் பெயர் பெற்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது.

நம் பாட்டிமார் வேதியியல் படித்து நெல்லை அவிக்கவில்லை. பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது. இன்று பெரிபெரி பயம் நமக்கில்லை, உங்கள் அப்பாவின் சிக்கலும் வேறு. இருந்தாலும் புழுங்கலரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைப் போல அவ்வளவு விரைவாகச் சர்க்கரையை ஏற்றுவதில்லை என்பதால், அவரைச் சோற்றிலிருந்து பிரிக்காமலேயே ஒரு படி முன்னேற முடியும். மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் மளிகைக் கடைகளில் புழுங்கல் பொன்னி தாராளமாகக் கிடைக்கிறது. தொகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தைச் சௌக்கிட் சந்தையில் கீரைக்கும் மீனுக்கும் செலவிடுங்கள். பெகாகா (வல்லாரை), ஊலாம் ராஜாக் கீரை, கச்சாங் போத்தோல் (சிறகவரை), முருங்கைக்கீரை ஆகியவை அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, காய்ந்த கீரைத்தூளைப் புட்டியில் வாங்குவானேன்?

---

கெப்போங் அக்கா:

சிறுதானியத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. என் வீட்டில் இரவு உணவை மட்டும் வரகுச் சோறாக மாற்றியபோது, அதை மென்று விழுங்க நேரம் பிடித்ததால் எல்லாரும் குறைவாகவே உண்டார்கள். சத்துக் கணக்கு எப்படியிருந்தாலும் அந்தப் பயன் உண்மையானது. ஆனால் வீடு முழுவதும் ஒன்றையே உண்ண வேண்டும். அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் வரகு வைத்துவிட்டு மற்றவர்கள் பிரியாணி உண்டால், அவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்.

இன்னொன்று, சாப்பிட்டவுடன் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரையைக் குறைக்கும். செந்தூலுக்குத் தீத்தீவங்சா ஏரிப் பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்களும் உடன் செல்லுங்கள். பெண் கூப்பிட்டால் அப்பாக்கள் மறுப்பதில்லை.

---

செந்தூல்வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. அப்பா குடிப்பது நீங்கள் சொன்ன கணக்கைவிடக் கூடுதல் என்பதை அம்மா சிரித்துக்கொண்டே உறுதிப்படுத்தினார்.

ஒரு துணைக்கேள்வி. மேற்படி தொகுப்பில் வந்த மாதிரிப் பொட்டலத்தில் சாயூர் மானிஸ் (தவசிக்கீரை) இலையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் முறை ஒன்று அச்சிடப்பட்டிருந்தது, எடை குறையுமாம். அதோடு 'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்று எழுதிய மூலிகை மாத்திரையும் இருந்தது. அம்மாவும் ஆர்வமாகி, பக்கத்து வீட்டு மரத்துப் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைத் தினமும் சாறு பிழிந்து குடித்து வருகிறார். அவருக்குச் சிறுநீரகச் செயல்பாடு சற்றுக் குறைந்திருப்பதாகச் சென்ற ஆண்டு சொன்னார்கள். இதனால் பாதகம் ஏதேனும் உண்டா?

---

மருந்தாளர், அம்பாங்:

உண்டு. அம்மாவின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: பெலிம்பிங்கை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகம் நன்றாக இயங்குபவர் ஒரு துண்டு பழம் உண்பதில் தீங்கில்லை. ஆனால் அந்தப் பழத்தில் ஆக்சலேட் மிகுதியாக இருக்கிறது; காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருக்கிறது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் இவற்றை வெளியேற்ற இயலாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று தொடங்கி உயிரிழப்பில் முடிந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அதன் இனமான புளிப்புப் பெலிம்பிங் பூலோவின் கெட்டிச் சாற்றைக் குடித்த சிலருக்கு, முன்பு நோயே இல்லாத நிலையில், கேரளத்தில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டிருக்கிறது. முழுப் பழத்தை உண்பதற்கும் பல பழங்களைப் பிழிந்து ஒரே குவளையில் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை.

சாயூர் மானிஸ் கதையும் அப்படித்தான். முட்டையோடு வதக்கியோ, சூப்பாகவோ நம் நாட்டில் காலங்காலமாக உண்ணும் நல்ல கீரை அது; சமைத்து, ஒரு கறி அளவுக்கு உண்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் 1990களின் நடுப்பகுதியில் தைவானில் அதன் பச்சைச் சாற்றை எடை குறைக்கும் பானமாகத் தினமும் குடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் சுருங்கி அடைபட்டன. சாறு குடிப்பதை நிறுத்திய பின்னும் பாதிப்பு நீங்கவில்லை; சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவையே செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, உறையில் எம்ஏஎல் என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும், பாரம்பரிய மருந்தாக இருந்தால் இறுதியில் 'டி' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். பொருளின் பெயரும் அங்கு காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்துகளுக்கான அப்பதிவு, கன உலோகம், கிருமி போன்றவற்றைச் சோதித்துத் தரமும் பாதுகாப்பும் பார்த்ததற்கான அடையாளமே. நோய் தீரும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. மேலும், நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே அந்த வாசகத்தை அச்சிட்டவர்கள் பதிவு எண் வாங்கியிருப்பார்களா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. பதிவில்லாத இத்தகைய மாத்திரைகளில் நீரிழிவு மருந்தையே அறிவிக்காமல் கலந்துவிடும் வழக்கமும் உண்டு. அப்படி இருந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வண்டி ஓட்டும்போதே அப்பாவுக்கு மயக்கம் வரக்கூடும்.

அம்மா அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, அவர் குடிக்கும் சாறு, கஷாயம், தூள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் மாத்திரைகளைத்தான் கேட்பார்கள், நாமாகச் சொன்னால்தான் தெரியும். இடையில் அவருக்கு நிற்காத விக்கலோ தடுமாற்றமோ தோன்றினால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, பெலிம்பிங் சாறு குடித்தார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.