அப்ரோச் ஆங்கிள், டிபார்ச்சர் ஆங்கிள்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெங்களூர் கோரமங்களாவிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசர உதவி. வருகிற ஞாயிறு கனகபுரா பக்கம் ஒரு பாறை நிலத்தில் 14 ஓட்டுநர்களுக்குக் காட்டுவழிப் பயிற்சி வைத்திருக்கிறோம். பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள். தமிழ்தான் சரளமாக வாசிப்பார்கள். கையில் கொடுக்க நான்கு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கிரவுண்ட் கிளியரன்ஸுக்குத் 'தரை இடைவெளி' என்று போட்டுவிட்டேன். சிக்கல் மூன்று கோணங்களில். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து முன் பம்பரின் அடிவிளிம்புக்குக் கோடு இழுத்தால் தரையோடு வரும் கோணம் அப்ரோச். பின்பக்கம் அப்படியே இழுத்தால் டிபார்ச்சர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அடி தட்டாமல் எவ்வளவு கூரான மேட்டைத் தாண்டலாம் என்பது பிரேக் ஓவர். மஹிந்திராவின் ஐந்து கதவு ஜீப்பான தார் ராக்ஸுக்கு இவை முறையே 41.7, 36.1, 23.9 பாகை. மாருதியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு 36, 50, 24.

ஏறுகோணம், இறங்குகோணம், மேட்டுக்கோணம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

அல்சூரிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, இதற்கு ஔவையே சொல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புறநானூறு 102. உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், சகடத்தில் பண்டம் நிறைய ஏற்றிவிட்டார்கள். எருதோ நுகம் பழகாத இளசு. 'அவல்இழியினும் மிசைஏறினும் அவணது அறியுநர் யார்' என்று வண்டியின் கீழ்மரத்தில் ஒரு சேமஅச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவல் பள்ளம், மிசை மேடு, இழிதல் இறங்குதல். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முழுவதும் இந்த ஓர் அடிக்குள் இருக்கிறது. மிசைக்கோணம், இழிகோணம் என்று வையுங்கள். அப்படியே ஸ்டெப்னிக்குச் 'சேமச்சக்கரம்' என்றும் எழுதிவிடுங்கள்.

தொம்லூரிலிருந்து, செவ்வாய் மதியம்

அக்கா, பாட்டு அருமை. ஆனால் 'இழிகோணம்' என்று படித்தால் ஓட்டுநருக்கு இழிவுதான் ஞாபகம் வரும். இரண்டாயிரம் வருஷத்தில் அந்தச் சொல் எங்கேயோ போய்விட்டது.

ஸ்டெப்னியைத் தொடாதீர்கள். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். தெருப்பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. தருமபுரியில் எந்தப் பஞ்சர் கடையிலும் 'ஸ்டெப்னி எடுங்க' என்றால் எடுத்துத் தருவார்கள். சேமச்சக்கரம் கேட்டால் விழிப்பார்கள்.

அல்சூரிலிருந்து, செவ்வாய் மாலை

எங்கேயும் போகவில்லை, தம்பி. தினமும் பஸ்ஸில் கண்டக்டர் இறங்கச் சொல்லி 'இளீரி, இளீரி' என்று கன்னடத்தில் கூவுகிறாரே, அது நம் 'இழி' தான். நம் ழகரம் கன்னடத்தில் ளகரமாக நிற்கிறது. சரிவுக்கு அவர்கள் 'இளிஜாரு' என்கிறார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை. அருவி இழிகிறது, தேரிலிருந்து இழிந்தான் என்று நாமும் வெகுகாலம் எழுதியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கும் நம் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏன் தயக்கம்?

தொம்லூரிலிருந்து, செவ்வாய் இரவு

பெங்களூரில் இருப்பவர்களுக்கு அது புரியும் அக்கா. பென்னாகரத்தில் இருப்பவருக்கு?

ஜாலஹள்ளியிலிருந்து, புதன் காலை

சொல்லழகைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பொருளைப் பாருங்கள். ஏறுகோணம், இறங்குகோணம் இரண்டுமே தவறு. மிசையும் இழியும் அதே தவறுதான்.

சமதரையிலிருந்து மேட்டில் ஏறுகிறோம். முதலில் சோதனை முன் பம்பருக்கு, சரி. முன் சக்கரம் மேலே போனதும் வண்டி பின்னால் சாய்கிறது. அப்போது தரையில் குத்துவது பின் பம்பர். ஆக ஏறும்போதே டிபார்ச்சர் வேலை செய்கிறது. சரிவில் இறங்கி அடிவாரத்தில் சமதரையைத் தொடும் இடத்தில் மண்ணில் குத்துவது முன் பம்பர். அங்கே அப்ரோச். இரண்டும் ஏறும்போதும் உண்டு, இறங்கும்போதும் உண்டு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 'இறங்குகோணம் 36 பாகை' என்று ஒருவர் படித்தால், 36 பாகைச் சரிவில் இந்த வண்டியைத் தாராளமாக இறக்கலாம் என்று எடுத்துக்கொள்வார். இந்த எண் உலோகம் தரையில் இடிக்குமா என்பதை மட்டும் சொல்கிறது. வண்டி வழுக்குமா, கவிழுமா என்று சொல்லவே சொல்லாது. தவறான கலைச்சொல் இங்கே ஆளைக் காயப்படுத்தும்.

அணுகுகோணம், விலகுகோணம், கடப்புக்கோணம். மூலத்துக்கு நேர். பொறியியல் மாணவனும் தடுமாற மாட்டான்.

சிவாஜிநகரிலிருந்து, புதன் இரவு

கேரேஜ் சாத்திவிட்டு இப்போதுதான் பார்த்தேன். எங்களிடம் வண்டி கொண்டுவருகிறவர்கள் 'அண்ணே, மூக்கு இடிச்சிருச்சு', 'வயிறு தட்டிருச்சு', 'வால் மாட்டிக்கிச்சு' என்றுதான் சொல்கிறார்கள். 22 வருஷமாக இதே மூன்றுதான் கேட்கிறேன். அணுகு, விலகு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஸ்டெப்னி பற்றி ஒரு வார்த்தை. அது பேச்சுக்கு வெளியே இல்லை. சில வண்டிகளில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் தொங்கும். முதலில் தட்டுவது அதுதான். தார், ஜிம்னி, குர்கா மூன்றிலும் பின் கதவில் மாட்டியிருப்பதால் வாலுக்குக் கீழே காலியாக இருக்கிறது.

கோரமங்களாவிலிருந்து, வியாழன் காலை

சிவாஜிநகர் அண்ணா சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் இதே கனகபுரா நிலத்தில் ஓடைக்கரை ஏறும்போது ஒரு வண்டி நின்றுபோனது. குனிந்து பார்த்தேன். பின்னால் இழுவைக் கொக்கி கரைமண்ணில் முழங்கை ஆழம் புதைந்து, துவாரம் முழுக்கச் செம்மண் அடைத்திருந்தது. ஓட்டிவந்தவர் அதை ஸ்குரூடிரைவரால் நோண்டிக்கொண்டே, 'மூக்கு தப்பிச்சுது சார், வால் மாட்டிக்கிச்சு' என்றார். ஜாலஹள்ளி ஐயா எழுதியதைத்தான் அவர் நாலு சொல்லில் சொல்லியிருக்கிறார். ஏறும்போதுதான் வால் மாட்டியது!

அதனால் மூக்குக்கோணம், வயிற்றுக்கோணம், வால்கோணம் என்று மாற்றுகிறேன். எந்தப் பகுதி இடிக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்ற குழப்பமே வராது. மூன்று கதவு தாரையும் ராக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கு 41.8, 41.7, ஏறக்குறைய ஒன்றே. வயிறு 27-இலிருந்து 23.9-க்கு இறங்கிவிட்டது. சக்கர இடைத்தூரம் 2450 மி.மீ.யிலிருந்து 2850 ஆனதால் வந்த விளைவு. நீளமான வண்டிக்கு வயிறு தட்டும் என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

உடலுறுப்பைப் பெயராக வைக்கலாமா என்று கேட்டால், வள்ளுவர் 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்று சக்கரத்தைக் காலாக்கினாரே. ஐயாவின் எச்சரிக்கையையும் தனிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் போடுகிறேன்: இந்த எண்கள் சரிவின் அளவு அல்ல.

தொம்லூரிலிருந்து, வியாழன் மதியம்

என் ஓட்டு இதற்கே. ஸ்டெப்னி ஸ்டெப்னியாகவே இருக்கட்டும்.

அல்சூரிலிருந்து, வியாழன் இரவு

சரி, பெரும்பான்மை அப்படியென்றால் அப்படியே. ஆனால் புணர்ச்சியை விடமாட்டேன். வால் + கோணம் வேற்றுமைப் புணர்ச்சி. பால் + குடம் பாற்குடம் ஆவதுபோல வாற்கோணம் என்றுதான் வர வேண்டும். மூக்குக்கோணத்தில் ஒற்று மிகுந்திருக்கிறது, வயிற்றுக்கோணத்தில் றகரம் இரட்டித்திருக்கிறது. மூன்றில் இரண்டுக்கு இலக்கணம், ஒன்றுக்கு இல்லையா?

சிவாஜிநகரிலிருந்து, வெள்ளி காலை

வாற்கோணம் என்று அச்சடித்தால் 'அது என்ன வாற்' என்று என்னைத்தான் கேட்பார்கள், அக்கா.

கோரமங்களாவிலிருந்து, வெள்ளி மாலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். 'வால்கோணம்' என்றே போயிருக்கிறது. அக்கா மன்னிக்க வேண்டும். முதல் பக்கத்தின் உச்சியில் 'அவல்இழியினும் மிசைஏறினும்' அடியை வைத்திருக்கிறேன், கீழே ஔவையார் என்று போட்டு.

ஜாலஹள்ளியிலிருந்து, வெள்ளி இரவு

எச்சரிக்கைக் கட்டத்துக்கு நன்றி. என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மூக்கும் வாலும் கேரேஜுக்குப் போதும், பாடநூலுக்குப் போதாது. அடுத்த அச்சில் 'அணுகுகோணம் என்றும் சொல்வர்' என்று ஒரு வரியாவது சேருங்கள், தம்பி. ஞாயிறு நானும் வருகிறேன், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?