இன்டரப்ட் தாமதம்: கவுன்ட்டர் ஒன்று சொல்கிறது, ஸ்கோப் வேறு சொல்கிறது

ராக்கோழி:
எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, 168 மெகாஹெர்ட்ஸ், ஃப்ரீஆர்டிஓஎஸ் (டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்), அதன் கடிகாரத் துடிப்பான டிக் 1 கிலோஹெர்ட்ஸ். சென்சார் பின் ஏறியதும் 10 மைக்ரோசெகண்டுக்குள் அவுட்புட் பின் ஏறியாக வேண்டும்.

ஐஎஸ்ஆரின் (பின் ஏறியதும் நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் இன்டரப்ட் ஃபங்ஷன்) முதல் வரியில் சைக்கிள் கவுன்ட்டரைப் படிக்கிறேன், பின்னை ஏற்றியதும் மறுபடி படிக்கிறேன். வித்தியாசம் 30 சைக்கிளைத் தாண்டியதே இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகத்தில் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்து இரண்டு பின்னையும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், பெரும்பாலும் 0.4 மைக்ரோசெகண்ட், ஆனால் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நொடி பேய் பிடிக்கிறது. பத்துத் துடிப்பில் ஒன்று 37 மைக்ரோசெகண்ட் வரை தள்ளிப் போகிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடுகிறது. எதை நம்புவது?

சில்லுப்பூச்சி:
பத்து லட்சம் முறை அளந்து சராசரி எடுங்களேன். ஒன்றிரண்டு தப்பு எல்லாவற்றிலும் வரும்.

பழைய பற்றவைப்பு:
சராசரி வேண்டவே வேண்டாம். 10 மைக்ரோ என்பது கெடு. ஒரே ஒரு துடிப்பு தாண்டினாலும் தாண்டியதுதான். உங்களுக்கு வேண்டியது உச்சம்.

ராக்கோழி, ஸ்கோப்பை நம்புங்கள். உங்கள் கவுன்ட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் ஐஎஸ்ஆருக்குள் நுழைந்த பிறகுதான் அது எண்ணத் தொடங்குகிறது. வாசலில் காத்திருந்த நேரம் அதற்குத் தெரியாது. கார்டெக்ஸ்-எம்4 நுழைய 12 சைக்கிள் என்று ஏஆர்எம் சொல்வது, காத்திருப்பே இல்லாத நினைவகத்துக்கு. 168இல் உங்கள் ஃபிளாஷுக்கு 5 வெயிட் ஸ்டேட் (படிக்கக் காத்திருக்கும் கூடுதல் சைக்கிள்). அதனால் 0.4 நியாயமான கணக்குதான். 37 மட்டும் யாரோ இன்டரப்ட்டை மூடி வைத்திருப்பதால் வருவது.

நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். உங்கள் டிக்கும் 1 கிலோஹெர்ட்ஸ், ஜெனரேட்டரும் 1 கிலோஹெர்ட்ஸ். இரண்டு கிரிஸ்டலுக்கும் நடுவே 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வித்தியாசம் இருந்தால், ஒன்றின் மேல் ஒன்று 50 நொடியில் ஒரு முழுச் சுற்று நகரும். மூடிய ஜன்னல் வரும்போது மாட்டுகிறது, தாண்டியதும் அடங்குகிறது. ஜெனரேட்டரை 997 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பகா எண், டிக்கோடு ஒட்டாது. எல்லா இடத்தையும் ஒரே நொடியில் துழாவிவிடும். ஸ்கோப்பில் பெர்சிஸ்டன்ஸை (பழைய கோடுகள் திரையில் தங்கும் நேரம்) முடிவிலியில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

பத்தில் ஒன்று என்கிறீர்கள். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழும் டாஸ்க் ஏதாவது இருக்கிறதா?

ராக்கோழி:
இருக்கிறது அண்ணா, லாக் எழுதும் டாஸ்க்! 997 வைத்ததும் கொத்து போய், நொடிக்கு மூன்று நான்கு தாமதம் சீராக வந்துகொண்டே இருக்கிறது. லாக் டாஸ்க்கை நிறுத்தினால் ஒன்றுகூட இல்லை.

உள்ளே பார்த்தால், 1,024 பைட் பஃபரை பைட் பைட்டாக நகலெடுக்கும் லூப், இன்டரப்ட்டை மூடி வைக்கும் கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள். எழுதியவன் நான்தான். பைட்டுக்கு 6 சைக்கிள் என்று வைத்தாலே 6,144 சைக்கிள், 36.6 மைக்ரோசெகண்ட். கணக்கு அப்படியே ஒட்டுகிறது.

பழைய பற்றவைப்பு:
இரண்டு பஃபர் வைத்து, கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள் பாயின்ட்டரை மட்டும் மாற்றுங்கள். அதோடு இன்டரப்ட்டின் முன்னுரிமையையும் பாருங்கள். எம்4க்கான ஃப்ரீஆர்டிஓஎஸில் கெர்னல் பேஸ்ப்ரை என்ற ரெஜிஸ்டர் வழியாகத்தான் மூடுகிறது. இங்கே சின்ன எண்தான் உயர்ந்த முன்னுரிமை. சிஸ்டம் கால் எல்லை 5 என்றால் 0 முதல் 4 வரை உள்ளவற்றை அது தொடாது. ஆனால் அங்கே இருந்துகொண்டு எந்த ஃப்ரீஆர்டிஓஎஸ் ஃபங்ஷனையும் கூப்பிடக் கூடாது. ‘ஃப்ரம்ஐஎஸ்ஆர்’ என்று முடிவதையும்தான்.

ராக்கோழி:
பஃபரை மாற்றிவிட்டேன். ஐஎஸ்ஆரை 3க்கு ஏற்றினேன்; அது பின்னை மட்டும் ஏற்றிவிட்டு, 6இல் இருக்கும் வேறொரு இன்டரப்ட்டைக் கிளப்பிவிடுகிறது, செமாஃபோர் (டாஸ்க்கை எழுப்பும் சைகை) அங்கிருந்து போகிறது. இரவு முழுக்க 997இல் ஓடியது. காலையில் ஸ்கோப்பில் உச்சம் 0.6 மைக்ரோசெகண்ட்.

ஆனால் செமாஃபோருக்குக் காத்திருக்கும் டாஸ்க் சில சமயம் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் கழித்து எழுகிறது. அதற்குக் கெடு இல்லை, இருந்தாலும் உறுத்துகிறது.

சில்லுப்பூச்சி:
அது எனக்குத் தெரியும், நானே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். ஐஎஸ்ஆர் கடைசியில் ‘யீல்ட் ஃப்ரம் ஐஎஸ்ஆர்’ (எழுந்த டாஸ்க்குக்கு உடனே மாறச் சொல்லும் அழைப்பு) விட்டுப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் டாஸ்க் அடுத்த டிக் வரை தூங்கும்.

ராக்கோழி:
விட்டுப்போயிருந்தது.