கல்லூரியில் மறுசுழற்சித் திட்டம்: தொட்டி முதலா, வண்டி முதலா?

பூங்கோதை:
எங்கள் அரசுக் கல்லூரியில் மறுசுழற்சித் திட்டம் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் என் பொறுப்பு என்பதால் வேலை என் தலையில். மாடிக்கு மூன்று நிறத் தொட்டி வைக்கலாமா? 5000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. நாம்தான் தாமதம்.

பழையபேப்பர் பாண்டி:
மேடம், தொட்டி கிடக்கட்டும். எடுத்துப் போகிற வண்டி யாருடையது? மூன்று தொட்டி வைத்த ஒரு கல்லூரியிலிருந்து என் கடைக்கு ஒரே மூட்டைதான் வந்தது. உள்ளே சாம்பார் ஊறிய நோட்டு, அடியில் டீ மிச்சத்தோடு காகிதக் கப். எண்ணெய் ஏறிய தாளை ஆலைக்காரன் திருப்பி அனுப்புவான். வெள்ளைத் தாள், அட்டை, பழைய நோட்டு எல்லாம் காய்ந்து, தனித்தனியாக வந்தால் விலையே வேறு. நோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டால் இன்னும் நல்லது.

மதுரைக்காரன்:
பாண்டி அண்ணே, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுப் பார்த்தால் எப்படி? மாணவனுக்குப் பழக்கம் வரவேண்டாமா? எங்கள் ஊர்த் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன், யாரும் வாங்காத பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லியில் உருக்கிப் பூசி, தாரோடு கலந்தார். 2002-ல் வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுக் காட்டினார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. கல்லூரி நினைத்தால் முடியும்.

பழையபேப்பர் பாண்டி:
பெரிய மனிதர், மறுப்பில்லை தம்பி. ஆனால் சாலைக்குள் போன பை மறுபடி பையாகாது. அதிலும் பிவிசி, அதாவது தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக், கலக்கக்கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும். அதைப் பிரிக்க உன் மாணவர்களுக்குத் தெரியுமா?

கண்ணம்மா:
யார் பிரிப்பது என்பதுதான் என் கேள்வியும். இருவரும் மாணவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துக் கையுறைகூட இல்லாமல் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர் அக்காதான். இப்போது அவர் தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்து விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கிறார். நீங்கள் திட்டம் போட்டதும் அந்தக் காசு கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். இதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

பூங்கோதை:
கண்ணம்மா, இதை நான் யோசிக்கவில்லை. பாட்டில் அவர்களுக்கே இருக்கட்டும், காகிதம் மட்டும் திட்டத்தில் வரட்டும். ஆனால் எழுத்தில் முதல்வர் ஒப்புதல் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள்.

மதுரைக்காரன்:
காகிதம் மட்டுமென்றால் அது மறுசுழற்சித் திட்டமா, பேப்பர் வியாபாரமா? விடுதிச் சோறு என்னாவது?

கண்ணம்மா:
அது சுலபம். விடுதிக்குப் பின்னால் குழி, ஒவ்வொரு நாளும் மேலே காய்ந்த சருகு. சோற்றை மட்டும் கொட்டினால்தான் நாறும். மரத்தடிச் சருகை எரிப்பதையும் நிறுத்திவிடலாம்.

பழையபேப்பர் பாண்டி:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேன்டீனில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் இருக்கிறதே, அது 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலிலேயே இருக்கிறது. தடை செய்த பொருளுக்குத் தனித் தொட்டி வைப்பீர்களா? எவர்சில்வர் டம்ளர் வையுங்கள், கழுவ ஒரு ஆள் போடுங்கள். தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அதைச் செய்யலாம்.

பூங்கோதை:
தொட்டிக்கு வந்த பணத்தில் ஆள் போட முடியாது, கணக்கில் செலவுத் தலைப்பு வேறு. டம்ளர் வாங்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

மதுரைக்காரன்:
டம்ளர் சரி. சிப்ஸ் பாக்கெட்?

பழையபேப்பர் பாண்டி:
நான் எடுக்கமாட்டேன். பல அடுக்கு ஒட்டிய சமாச்சாரம், பிரிக்க வழியில்லை. சிமெண்ட் ஆலை அடுப்புக்குத்தான் போகும். கேன்டீனில் விற்காதீர்கள்.

மதுரைக்காரன்:
கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறதே அண்ணே, அதை என்ன செய்வது?