சீரத்தில் சிதையும் பெப்டைட்: டி-அமினோ அமிலங்கள்தாம் வழியா?

வினா: யெலஹங்கா மாணவி
வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாங்கள் வடிவமைத்த 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஹெலிக்ஸ் (சுருள் வடிவ) பெப்டைட், அதாவது குட்டிப் புரதச் சங்கிலி, ஏற்பியுடன் நன்றாகவே பிணைகிறது. ஆனால் மனித சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. எல்லா அமினோ அமிலங்களையும் டி-வடிவத்துக்கு (இயற்கை வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம், நொதிகள் எளிதில் வெட்டா) மாற்றிவிடும்படி ஆய்வகத்தில் சொல்கிறார்கள். பிணைப்பு கெடுமோ என்று தயங்குகிறேன். மாத்திரையாகக் கொடுக்க முடியுமா என்று வழிகாட்டி வேறு கேட்கிறார்.

மறுமொழி: மல்லேஸ்வரவாசி
உங்கள் தயக்கம் நியாயமானது. அனைத்தையும் மாற்றினால் ஹெலிக்ஸ் இடப்பக்கமாகச் சுழலும். ஏற்பி அதை ஏற்காமல் போகவே வாய்ப்பு மிகுதி. முதலில் நொதி எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்: 5, 15, 30 நிமிட மாதிரிகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இட்டால், துண்டுகளின் நிறையே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இயற்கையான ஜிஎல்பி-1 (குடலில் சுரக்கும் பெப்டைட் ஹார்மோன்) இரத்தத்தில் சுமார் 2 நிமிடமே தாக்குப்பிடிப்பதற்கு முதன்மைக் காரணம், அதன் அமினோ முனையிலிருந்து 2ஆவதாக உள்ள அலனினை அடுத்து டிபிபி-4 நொதி வெட்டுவதுதான். அதைப் போலவே செய்த நீரிழிவு மருந்தான செமாகுளூட்டைடில் அந்த அலனினுக்குப் பதில் ஏஐபி (அமினோஐசோபியூட்டிரிக் அமிலம்) வைத்தார்கள். ஒரேயொரு மெத்தில் தொகுதிதான் கூடுதல், அதற்கே நொதியின் பிடி தளர்ந்துவிட்டது. ஏஐபி ஹெலிக்ஸையும் உறுதியாக்கும். (நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் பாலராம் குழுவினர் ஏஐபி பெப்டைடுகளைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதியிருக்கிறார்கள், அவற்றை வாசித்துவிட்டு இறங்குங்கள்.)

மறுமொழி: பீண்யா ஃபார்முலேஷன்
நொதிக்குத் தப்பினாலும் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். இது வேறு சிக்கல். கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்து, இரத்தத்திலுள்ள பெரிய புரதமான ஆல்புமினைப் பற்றிக்கொள்ளச் செய்வது அதற்காகத்தான். 16 கார்பன் சங்கிலியுள்ள, அதே வகை மருந்தான லிராகுளூட்டைடின் அரை ஆயுள் சுமார் 13 மணி நேரம். 18 கார்பன் டைஆசிட் உள்ள செமாகுளூட்டைடுக்குச் சுமார் ஒரு வாரம். மாத்திரை பற்றி: 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாகுளூட்டைடு மாத்திரையில் 300 மில்லிகிராம் ஸ்நாக் (SNAC, வயிற்றில் உறிஞ்சப்பட உதவும் சேர்மம்) சேர்த்தும், இரத்தத்தை எட்டுவது 1 சதவீத அளவே. வழிகாட்டியிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். வரிசையில் அஸ்பரஜினை அடுத்துக் கிளைசின் இருக்கிறதா? கரைசலில் அங்கேதான் டீஅமிடேஷன் (அஸ்பரஜின் தன் அமைடு தொகுதியை இழந்து வேறாக மாறுவது) விரைவாக நடக்கும். இதைக் கவனிக்காமல் மூன்று மாத நிலைப்புச் சோதனையை வீணடித்தவன் நான்.

யெலஹங்கா மாணவி
இருவருக்கும் நன்றி. இருக்கிறது: 14இல் அஸ்பரஜின், 15இல் கிளைசின். எதை மாற்றுவது?

பீண்யா ஃபார்முலேஷன்
14 ஏற்பியைத் தொடும் பக்கத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 15ஐ அலனினாக்கிப் பாருங்கள். ஹெலிக்ஸின் நடுவே கிளைசின் எப்படியும் பலவீனம்தான்.