உதவி: முதல் தடவையா காசு வாங்கிட்டு மேஜிக் ஷோ, எந்த ஐட்டம் எடுத்துட்டு போறது?

பசுந்தாங்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கூன்ல இருக்கேன். இதுவரைக்கும் பிரெண்டுங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் சும்மா செஞ்சு காட்டிட்டு இருந்தேன், இப்ப முதல் தடவையா ஒரு குடும்பம் காசு தரோம்னு கூப்பிட்டிருக்காங்க. பொண்ணுக்கு ஏழாவது பொறந்தநாள், கோயில் மண்டபத்துல காலையில வச்சிருக்காங்க, அரை மணி நேரம் செய்யணும். எண்பது பேர் வரைக்கும் வருவாங்களாம், பாதி நம்ம தமிழாளுங்க, பாதி பர்மாக்காரங்க, பொண்ணோட ஸ்கூல் பிள்ளைங்க.

கைவசம் இருக்கிறது: சீட்டுக்கட்டு ஐட்டம் நாலஞ்சு, ஸ்பாஞ்ச் பால், முட்டைப்பை (பைக்குள்ள முட்டை மறைஞ்சு திரும்ப வர்றது), ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிற வளையம், கயிறு, கையெழுத்து போட்ட நோட்ட எலுமிச்சம்பழத்துக்குள்ளருந்து எடுக்கிறது, அப்புறம் காத்துல காசு பிடிச்சு வாளியில போடுறது. எலுமிச்சம்பழம்தான் என்னோட பெஸ்ட், அத கடைசியில வைக்கலாம்னு இருக்கேன். புதுசா ஏதாவது பெரிய சாமான் வாங்கணுமா? கைலியும் தைப்போனும் (பர்மாக்காரங்க சட்டைக்கு மேல போடுற ஜாக்கெட்) போட்டுக்கலாம்னு ஆச, அது சரியா வருமா? சொல்லுங்க அண்ணே.

மோல்மேன்_அண்ணன்:
தம்பி வாழ்த்துகள். புதுசா எதுவும் வாங்காதீங்க. முதல் சம்பள ஷோவுல புது சாமானத் தூக்கிட்டுப் போனா கை அதையே நினைச்சிட்டு இருக்கும், மூஞ்சி ஜனங்களப் பாக்காது. தெரிஞ்சதுல பொறுக்கி எடுங்க, ஆனா அந்த மண்டபத்துக்கு எது ஆகும்னு பாத்து எடுங்க, உங்களுக்கு எது பிடிக்கும்னு பாத்து இல்ல.

எலுமிச்சம்பழம் வேண்டாம். தந்திரம் நல்ல தந்திரம்தான், உலகம் பூரா செய்றாங்க, ஆனா நம்ம சனம் முன்னாடி, அதுவும் கோயில் மண்டபத்துல, எலுமிச்சம்பழத்த கத்தியால அறுத்து உள்ளருந்து ஒண்ண எடுத்தீங்கன்னா பாட்டிமாருக்கு செய்வினைதான் ஞாபகம் வரும், பொறந்தநாள் பொண்ணுக்கு திருஷ்டி கழிக்க ஓடுவாங்க. அதே தந்திரத்த ஆரஞ்சுல செய்யுங்க, தோல உரிச்சா போதும், கத்தியும் வேண்டாம், பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது அதுவே பெரிய நிம்மதி.

அதே கணக்குல முட்டைப்பையும் போச்சு. சைவ மண்டபத்துக்குள்ள முட்டை, அது மர முட்டையா இருந்தாலும், எடுத்துட்டுப் போகாதீங்க. சீட்டுக்கட்டும் வேண்டாம், பெரியவங்க கண்ணுக்கு அது சூதாட்டம், அதோட பின்னாடி உக்காந்தவனுக்கு ஆட்டின் சீட்டா டைமண்ட் சீட்டானு தெரியவா போகுது.

தாம்வே_அக்கா:
நான் மேஜிக் செய்றவ இல்ல, பிள்ளைங்க பங்ஷன் எடுத்து நடத்துறவ, அதனால அந்தப் பக்கத்துலருந்து சொல்றேன். காசு பிடிக்கிற ஐட்டத்தப் பத்தி யோசிங்க தம்பி. 1999ல வெளியிட்ட கியாட் காசெல்லாம் இப்ப யாரு கையில இருக்கு, இங்க எல்லாமே நோட்டுதான். ஏழு வயசுப் பிள்ளைக்கு காசுன்னா அது ஏதோ வட்டத் தகரம். காத்துலருந்து காசு வந்தா பேராசை கிளம்பணும்ல, அதுலதான அந்த ஐட்டத்தோட சிரிப்பே இருக்கு, அது இங்க கிளம்பாது. காசுக்குப் பதிலா மிட்டாய் எடுங்க, வாளி நிறைய மிட்டாய், முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கே குடுத்துடலாம்.

நோட்டு ஐட்டம் செஞ்சா கிழிக்கிறது கொளுத்துறது கூடவே கூடாது. 2020ல வந்த ஆயிரம் நோட்டுல போஜோ அவுங் சான் (பர்மா சுதந்திரத் தலைவர்) படம் இருக்கு, அந்த மூஞ்சியக் கிழிச்சா நீங்க அப்புறம் ஒட்டிக் காட்டினாலும் யாரும் கை தட்ட மாட்டாங்க.

இன்னொண்ணு, காதுக்குப் பின்னாடியிருந்து பந்து எடுக்கிறது. பர்மாக்காரங்க தலையத் தொட்டா மரியாதை இல்லனு நினைப்பாங்க, பெரியவங்க கிட்ட செய்யவே செய்யாதீங்க. பந்த உள்ளங்கையில குடுத்து மூடச் சொல்லுங்க, திறந்தா ரெண்டா இருக்கட்டும். பிள்ளையோட கையிலயே நடக்கிறதுதான் சத்தம் போட வைக்கும்.

நேரமும் கேட்டு வைங்க. பந்தி போட்டப்புறம் மேஜிக் செஞ்சா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, பந்திக்கு முன்னாடினு இப்பவே வீட்டுக்காரங்க கிட்ட பேசி முடிச்சிடுங்க. பாதிப் பணம் அட்வான்ஸா கேளுங்க, கூச்சப்படாதீங்க.

பசுந்தாங்_தம்பி:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஆனா இப்ப கயிறு, வளையம், ஸ்பாஞ்ச், ஆரஞ்சு, மிட்டாய் வாளி அவ்வளவுதான் மிஞ்சுது, அரை மணிக்குப் பத்துமா? அதோட ரெண்டு பாஷையில பேசணும், எனக்கு அதுதான் பயமா இருக்கு.

மோல்மேன்_அண்ணன்:
தாராளமா பத்தும். அஞ்சு ஐட்டத்த நிதானமா செஞ்சா அரை மணி தானா ஓடிடும், பதினஞ்ச அடுக்கினா எதுவுமே மனசுல நிக்காது. முதல்ல கயிறு, ஏன்னா மூணு கயிறும் ஒரே நீளமாகுறது கண்ணுக்கே தெரியும், பேச்சு வேண்டாம். கடைசியில ஆரஞ்சு. நடுவுல வளையத்துக்குப் பாட்டு போட்டு வாயே திறக்காம செய்யுங்க, அந்தச் சத்தமே எல்லா பாஷையும் பேசும்.

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கலாம், வீட்லயே செய்யலாம்: செம்பு. பி.சி. சர்க்கார் (1913-1971) தன்னோட ஷோவுல 'வாட்டர் ஆஃப் இந்தியா'னு சொல்லிட்டு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நடுவுல வந்து தண்ணிய ஊத்திக் காலி பண்ணுவார், திரும்ப வந்து எடுத்தா மறுபடியும் தண்ணி இருக்கும். எனக்கு இது உசுரு. காரணம், முதல் தடவ ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க, ரெண்டாவது தடவ பிள்ளைங்க கவனிக்கும், மூணாவது தடவ நீங்க செம்புகிட்ட நடந்தாலே கத்த ஆரம்பிச்சிடும், ஒரு வார்த்த பேச வேண்டியதில்ல, தமிழோ பர்மாவோ சிரிப்பு ஒரே நேரத்துல வரும். ஐட்டத்துக்கு ஐட்டம் சாமான் மாத்துற நேரமும் அதுலயே மறைஞ்சிடும். ஆனா கோயில்ல இருக்கிறதால தீர்த்தம்னு வாயில வரக்கூடாது, வெறும் தண்ணிதான். எப்படி செய்றதுனு இங்க எழுத மாட்டேன், எல்லாரும் படிக்கிற இடம், தனியா மெசேஜ் போடுங்க.

கைலி விஷயம்: கைலிக்கு பாக்கெட் கிடையாது, இடுப்புல பின்னாடி சொருகுறது பர்ஸுக்குதான் ஆகும். தைப்போனுக்கு உள்பக்கம் ரெண்டு பாக்கெட் தையல்காரர்கிட்ட வச்சு வாங்கிக்கோங்க, அப்புறம் அதப் போட்டுக்கிட்டேதான் பிராக்டிஸ் பண்ணணும், டீசர்ட்ல பழகிட்டு அன்னிக்கு மட்டும் தைப்போன் போட்டா கை தேடும்.

சூரத்தி_பஜார்:
நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். பேப்பர் கிழிச்சு ஒட்டுற ஐட்டமும் இந்த மாதிரி ஹாலுக்கு நல்லா இருக்கும், ஆனா எந்தப் பக்கத்தக் கிழிக்கிறோம்னு முன்னாடியே பாத்துக்கோங்க. புத்தர் படமோ பொங்கி (புத்த பிக்கு) படமோ இருந்தா அந்தத் தாள ஒதுக்கிடுங்க, பர்மாக்காரங்க முன்னாடி அது பெரிய விஷயம்.

தாம்வே_அக்கா:
கரண்ட மறந்துட்டோம் பாருங்க. மண்டபத்து ஸ்பீக்கர நம்பாதீங்க, பேட்டரி ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போங்க, பாட்ட போன்லயே இறக்கி வச்சிக்கோங்க. ஜன்னல் எந்தப் பக்கம்னு முந்தின நாள் போய் பாருங்க, லைட் போனா ஜன்னல் வெளிச்சம் உங்க மூஞ்சியில விழணும், முதுகுல இல்ல. பிள்ளைங்கள பாய் போட்டு முன்னாடி உக்கார வைக்கச் சொல்லுங்க, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் வராத மாதிரி மேசைய சுவரு ஓரமா போட்டுக்கோங்க.

பசுந்தாங்_தம்பி:
சரிங்க. முடிவு பண்ணிட்டேன்: கயிறு, ஸ்பாஞ்ச், வளையம், மிட்டாய் வாளி, கடைசியில ஆரஞ்சு, நடுநடுவுல செம்பு. சனிக்கிழம மண்டபத்தப் பாக்கப் போறேன், தைப்போன் நாளைக்கு தைக்கக் குடுக்கிறேன். அண்ணே, செம்பு விஷயமா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க. ஆரஞ்சுல ஒரு சந்தேகம், சின்னதா எடுக்கிறதா பெருசா?

மோல்மேன்_அண்ணன்:
பாத்தேன், ராத்திரி பதில் போடுறேன். ஆரஞ்சு பெருசா, தோல் கெட்டியா, காம்பு ஒட்டியிருக்கிறதா பாத்து அஞ்சாறு வாங்குங்க. நாளைக்கே ஒண்ண எடுத்து முழுசா செஞ்சு பாருங்க, நோட்டு எவ்வளவு நனையுதுனு தெரியணும்.