அம்மம்மாவின் ஆண்டுப் பூசைச் சாப்பாடு

பெரியம்மா: 22ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பூசை, ஃபாதர் நேரம் தந்துவிட்டார். முடிந்ததும் பங்கு மண்டபத்தில் 200 பேருக்குச் சாப்பாடு. ஆனால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.யிடம் சொல்லிவிட்டு வரச் சொல்கிறார். அதுவரை குசினித் திறப்பு தர மாட்டாராம்.

வத்தளை மாமி: ஏன் திடீரென்று?

தம்பி: அந்தக் கோவில் விஷயம்தான் மாமி. பார்சல் சாப்பிட்டு நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் என்கிறார்கள்.

வத்தளை மாமி: எனக்கு வந்த செய்தியில் நூறு.

பெரியம்மா: எந்தக் கோவில் என்றே ஒருவருக்கும் தெரியாது. தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம்.

கனடா மாமா: நாங்கள் விற்கவில்லையே அக்கா, எதற்கு அனுமதி? இங்கே ஒன்றாரியோவில் மத அமைப்புகள் விசேஷத்துக்குச் சமைத்தால் உணவக விதிகளில் விலக்கு உண்டு. காசு நான் அனுப்புகிறேன். கோழி பிரியாணி போடுங்கள்.

சின்னக்கா: மாமா, அது ஒன்றாரியோ. இங்கே இருப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். வெசாக்கில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலைப் பாருங்கள், ஒரு சதம் வாங்குவதில்லை, அதையே எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதியச் சொல்கிறார்கள், பி.எச்.ஐ. வந்து தண்ணீர் எங்கிருந்து, எங்கே சமைக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று பார்க்கிறார். இலவசச் சோறு என்றால் கிருமி வராமல் இருக்குமா? ஃபாதர் கேட்டது சரிதான். திங்கட்கிழமை போய்ச் சொன்னால் முடிகிற வேலை.

தம்பி: ம்

வத்தளை மாமி: மட்டக்குளிக்காரரைக் கூப்பிடுகிறோமா?

பெரியம்மா: சாப்பாடு முதல்.

சின்னக்கா: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விடிய நாலு மணிக்குச் சோறு வடித்து மூடி வைக்கிற பழக்கம் இந்த முறை வேண்டாம். சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அதன் வித்து கொதியிலும் சாகாது, சூடு இறங்கிச் சோறு கிடக்கிற நேரம் பெருகி நஞ்சு விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, சாப்பிட்டவர் வாந்திதான். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் வைக்கவே கூடாது என்பது அதற்குத்தான். எங்கள் மண்டபம் வெயிலில் 30 பாகை, நாலு மணிச் சோற்றைப் பன்னிரண்டுக்குக் கொடுத்தால் எட்டு மணித்தியாலம். கறிகளைக் காலையில் வைத்து அடுப்பிலேயே சூடாக வைத்திருப்போம், சோற்றைப் பூசை நேரத்தில் இரண்டு தடவையாக வடிப்போம். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கெதியாகப் புளித்துவிடும்.

வத்தளை மாமி: சம்பல் இல்லாமலா?

கனடா மாமா: இத்தனை வருடம் சாப்பிட்டோமே, யாருக்கு என்ன வந்தது?

சின்னக்கா: தம்பியின் புதுநன்மை விருந்து மறந்துவிட்டதா மாமா? பருப்புக் கிடாரத்தின் மூடியைத் திறந்தபோது மேலே வெள்ளையாக நுரை, ஓரமெல்லாம் புளித்த வாடை. அம்மம்மா கரண்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கானில் ஊற்றினார். பாண் வாங்கி வரச் சொல்லி மீன் கறியோடு கொடுத்தார். நீங்கள் காசு போச்சு என்று கத்தினீர்கள்.

கனடா மாமா: கத்தவில்லை. கேட்டேன்.

பெரியம்மா: கத்தினாய்.

தம்பி: எனக்குப் பாண் நல்லா ஞாபகம்

கனடா மாமா: சரி அக்கா. அம்மா இருந்திருந்தால் அவளும் பி.எச்.ஐ.யிடம்தான் போயிருப்பாள். நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். ஆனால் கோழி.

பெரியம்மா: கோழியா மீனா என்று பிறகு பார்ப்போம். சமையல்கார அங்கிளிடம் மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்று யார் கேட்பது? டைபாய்ட் ஊசியும் போட்டிருக்க வேண்டும். அவர் ரோஷக்காரர்.

சின்னக்கா: நான் கேட்கிறேன். உதவிக்கு வருகிற பெடியன்களில் யாருக்காவது வயிற்றோட்டம், கையில் புண் என்றால் அன்று குசினிக்குள் வர வேண்டாம், கதிரை அடுக்கட்டும்.

வத்தளை மாமி: லஞ்ச் சீட் எங்கள் வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது.

தம்பி: பொலித்தீனா மாமி? அது 2017லேயே தடை.

வத்தளை மாமி: அப்ப வாழையிலை. புறக்கோட்டையில் யார் வாங்குவது?

பெரியம்மா: திங்கள் எம்.ஓ.எச். அலுவலகத்துக்கு என்னோடு யார் வருகிறீர்கள்?

தம்பி: எனக்கு வேலை

சின்னக்கா: பத்து மணிக்குப் பிறகு என்றால் நான்.

பெரியம்மா: பத்துக்கு நான் வங்கியில் நிற்க வேண்டும். நாளை பேசுவோம். பெரிய கிடாரம் இரண்டும் யார் வீட்டில்?

தம்பி: மட்டக்குளியில்.

வத்தளை மாமி: அப்ப அவர்களையும் கூப்பிடத்தான் வேண்டும்.