ஆண்டவர் மன்னித்த பிறகும் அக்காவிடம் போக வேண்டுமா?

மார்த்தாள்:
15 வருடத்துக்கு முன்பு அக்காவின் 4 பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தேன். வட்டி கட்டாமல் நகை மூழ்கிப்போனது. அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. போன வாரம் ஜெபத்தில் அழுது அறிக்கை செய்தேன். இத்தோடு சரியா, அவளிடமும் போக வேண்டுமா?

எபன்:
சிஸ்டர், 51-ஆம் சங்கீதத்தில் தாவீது, தேவனுக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிறான். கடன் சிலுவையிலேயே தீர்ந்தது. ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம்.

நெல்லை வாசகன்:
பிரதர், தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் வைத்தான். அதைச் சொன்னபோது உரியா உயிரோடு இல்லை. இவருடைய அக்கா இருக்கிறாரே! மத்தேயு 5:23-24-ஐப் பாருங்கள். சகோதரனுக்கு 'உன்பேரில்' குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. இதைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கு அப்பால். நாள்கணக்கில் நடந்து வந்தவன் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அவ்வளவு அவசரம் அது. லேவியராகமம் 6-லும், பிறர் பொருளை ஏமாற்றி எடுத்தவனுக்குப் பலியிடும் ஆட்டுக்கடா மட்டும் போதாது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். சிஸ்டர் கணக்கில் 4 பவுனோடு சுமார் ஆறரை கிராம்.

எபன்:
அது நியாயப்பிரமாணம், மோசே கொடுத்த பழைய சட்டம். நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம். என் பயமும் வேறு. அப்பாவை ஏமாற்றிய உறவினர் ஒருவர் பல வருடம் கழித்து திடீரென்று வந்தார். "மன்னிச்சிடுங்க" என்றார், ஜெபித்தார், வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் லேசான மனதோடு கிளம்பிவிட்டார். அன்று இரவு அப்பா சாப்பிடவே இல்லை. அந்தத் தட்டு மூடியபடியே இருந்தது.

நெல்லை வாசகன்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவர் ஏதாவது திருப்பிக் கொடுத்தாரா? வரி வசூலித்த சகேயு வெறும் கையோடு நிற்கவில்லையே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான். அதுவும் இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு. கிருபை வந்ததால்தான் அவன் கை திறந்தது. யாக்கோபும் தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவின் முன்னால் திடீரென்று போய் நிற்கவில்லை. ஆடு, மாடு, ஒட்டகங்களை மந்தை மந்தையாக முன்னே அனுப்பினான், அப்புறம்தான் ஏழுதரம் தரையில் விழுந்து வணங்கினான். சிஸ்டர், முதலில் சொல்லி அனுப்புங்கள். அக்கா வேண்டாம் என்றால் காத்திருங்கள்.

எபன்:
நகையைத் திருப்பிக் கொடுங்கள், அதை நான் மறுக்கவில்லை. "மன்னித்தேன்னு சொல்லு" என்று அவர் முகத்தைப் பார்த்து நிற்காதீர்கள். அந்த வார்த்தை அவர் நமக்குப் பட்ட கடன் இல்லை.

மார்த்தாள்:
இப்போது என்னிடம் 2 பவுன்தான் இருக்கிறது, மீதி சீட்டு எடுத்ததும். அத்தானுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்றார். காத்திருக்கிறேன்.